சந்தேகப்படு என்றால் சந்தேகம் வந்துவிடுமா?

இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் (ஐசிஏஐ) மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் மத்திய கவுன்சில் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகள், நிட்டிங் யூனிட்டுகள், நூல் வியாபாரிகள் என்று உள்ளூர்க் கணக்குகளைப் பார்க்கிற ஒரு சின்ன ஆடிட் ஆபீஸிலிருந்து எழுதுகிறேன். நம் கழகம் வெளியிடும் வழிகாட்டிக் குறிப்புகளுக்குக் குறைவே இல்லை. விதி தெரியாமல் தவறு செய்கிறவர்களை அவை திருத்தும். ஆனால் பெரிய ஆடிட் தோல்விகளில் கையெழுத்துப் போட்டவர்கள் விதி தெரியாதவர்கள் அல்ல. ரேங்க் வாங்கிப் பாஸ் செய்தவர்கள், வகுப்பெடுத்தவர்கள், கருத்தரங்குகளில் பேசியவர்கள்கூட அதில் உண்டு. தெரிந்த விதி வேண்டிய நேரத்தில் ஏன் கைகொடுக்கவில்லை என்பது மனோதத்துவக் கேள்வி. அந்தக் கேள்விக்கு நம் பயிற்சியிலும், ஒரு ஆபீஸின் ஆடிட் வேலையை இன்னொரு ஆடிட்டர் பரிசோதிக்கும் பியர் ரிவ்யூவிலும், ஒழுங்கு நடவடிக்கையிலும் இடம் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

சத்யம் ஐடி கம்பெனியின் கணக்கு மோசடிக் கதை எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் எண்களை ஒரு முறை பார்த்துவிடலாம். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதத்தின்படி, 2008 செப்டம்பர் 30 பேலன்ஸ் ஷீட்டில் காட்டிய ரொக்கம், வங்கி இருப்பு 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி கிடையவே கிடையாது. வராத வட்டி 376 கோடியும் வந்ததாகக் கணக்கில் ஏறியிருந்தது. சரக்கு மதிப்பு, வராக்கடன், குட்வில் என்றால் ஆளுக்கு ஒரு கருத்து இருக்கலாம். வங்கி இருப்பில் என்ன கருத்து? ஆர்ட்டிகிள்ஷிப் (சி.ஏ. மாணவர்களின் ஆபீஸ் பயிற்சி) சேர்ந்த முதல் மாதத்திலேயே பையனிடம் நம்பிக் கொடுக்கிற வேலை அது.

வங்கிக்கு ஆடிட்டரே எழுத வேண்டும், பதிலும் ஆடிட்டருக்கே வர வேண்டும் என்பதுதான் எஸ்ஏ 505 என்ற ஆடிட் தர விதியின் சாரம். 2011 ஏப்ரலில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம், சத்யத்தை ஆடிட் செய்த பிரைஸ் வாட்டர்ஹவுஸின் இந்திய நிறுவனங்கள் மீது 60 லட்சம் டாலர் அபராதம் விதித்தபோது சொன்ன முக்கியமான குறை இதில்தான் இருந்தது. கடிதம் அனுப்புவதையும் பதில் வாங்குவதையும் கிளையண்ட் கையிலேயே விட்டுவிட்டார்கள். வந்த பதிலைக் கேள்வி கேட்டதும் அரிது. சத்யத்தில் மட்டும் நடந்த சறுக்கல் இல்லை, அந்த நிறுவனங்களின் வழக்கமே அப்படித்தான் இருந்தது என்றும் ஆணையம் சொன்னது.

எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கடைசி வாக்கியம்தான். யார் சதியில் இருந்தார்கள், யார் இல்லை என்பதை நீதிமன்றங்கள் பார்த்துக்கொள்ளட்டும். மோசடியே நடக்காத மற்ற கம்பெனிகளின் ஃபைலில் வேலை செய்தவர்களும் ஏன் அதே குறுக்குவழியில் போனார்கள்? அவர்களுக்கு லாபம் ஒன்றும் இல்லையே. இதற்குப் பதில் நம் ஆபீஸ்களிலேயே கிடைக்கும். "நீங்கள் எதற்கு சார் பேங்குக்கு அலைகிறீர்கள், நானே சீல் போட்டு வாங்கித் தருகிறேன்" என்று ஃபைனான்ஸ் மேனேஜர் சொல்கிறார். உதவியாகத்தான் சொல்கிறார். வேண்டாம் என்றால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடும். போன வருஷமும் அவர்தான் வாங்கித் தந்தார், ஒன்றும் ஆகவில்லை. போதாததற்கு கம்பெனிக்கு நல்ல பெயர். 2008-இல்தான் சத்யத்துக்கு நிர்வாக ஒழுங்குக்கான 'கோல்டன் பீகாக்' விருது கிடைத்தது. விருது வாங்கிய கம்பெனியின் வங்கி இருப்பை யார் சந்தேகப்படுவார்கள்?

ராஜுவின் கடிதத்தில் இன்னொரு விஷயம். ஆரம்பத்தில் நிஜ லாபத்துக்கும் காட்டிய லாபத்துக்கும் இருந்த இடைவெளி சின்னதுதான், வருஷத்துக்கு வருஷம் வளர்ந்தது, தின்னப்படாமல் எப்படி இறங்குவதென்று தெரியாமல் புலி மேல் சவாரி செய்தது மாதிரி ஆகிவிட்டது என்று எழுதியிருந்தார். அவர் சொன்னது அவர் நிலைமை. ஆடிட்டர் பக்கத்திலும் ஒரு புலி உண்டு என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. போன வருஷ எண்ணில் என் கையெழுத்து இருக்கிறது. இந்த வருஷ எண் தப்பு என்றால் போன வருஷக் கையெழுத்தும் தப்பு என்று ஆகும். அதை ஒப்புக்கொள்வதைவிட, இந்த வருஷ எண்ணுக்கு ஒரு காரணம் கண்டுபிடிப்பது மனசுக்குச் சுலபம். இதில் அயோக்கியத்தனம் எதுவும் தேவையில்லை. 'போன வருஷம் மாதிரியே' என்று ஒர்க்கிங் பேப்பரில் (ஆடிட் வேலைக் குறிப்பில்) எழுதுகிற அத்தனை பேரும் இந்த வண்டியில்தான் ஏறியிருக்கிறோம்.

2013 கம்பெனிகள் சட்டத்தின் 139-வது பிரிவு ஆடிட்டர் சுழற்சியைக் கொண்டுவந்தது: தனி ஆடிட்டருக்கு 5 வருஷம், நிறுவனத்துக்கு 10 வருஷம், அப்புறம் 5 வருஷ இடைவெளி. நல்ல விஷயம்தான். ஆனால் லிஸ்ட் ஆன கம்பெனிகளுக்கும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ளவற்றுக்கும்தான் அது. எங்கள் ஊர் பிரைவேட் லிமிடெட்களில் பெரும்பாலானவை அந்த வலையில் விழாது. அப்பா காலத்திலிருந்து ஒரே ஆடிட்டர், கல்யாணப் பத்திரிகை முதலில் வருவதும் அவருக்குத்தான்.

சரி, எண்களுக்கு வருவோம். மார்ச் 31 இரவு ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் சரக்கு எங்கே இருக்கிறது? நூல் நிட்டிங்கில், துணி சாயப்பட்டறையில், கொஞ்சம் காம்பாக்டிங்கில், பாதி தைத்த பீஸ்கள் ஜாப் ஒர்க் யூனிட்டில், பையர் கேன்சல் செய்த ஆர்டர் பெட்டி பெட்டியாகக் குடோனில். அந்தக் கேன்சல் சரக்கு என்ன விலைக்குப் போகும் என்பது முழுக்க மதிப்பீடு. கிளையண்ட் லிஸ்ட் தருகிறார், அதில் 3 கோடியே 80 லட்சம் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த எண் கண்ணில் பட்ட நொடியில் நம் கேள்வி மாறிப்போகிறது. 'இது எவ்வளவுக்குப் போகும்?' என்று யோசிக்க வேண்டியவர்கள் '3.80 ஓகேவா?' என்று யோசிக்க ஆரம்பிக்கிறோம். பேசிப் பேசி 20 லட்சம் குறைக்கிறோம். கறாராக நடந்துகொண்டோம் என்ற திருப்தி வேறு. லிஸ்ட்டைப் பார்க்காமல் குடோனைச் சுற்றி வந்து, செட்டில்மென்ட் சரக்கு வாங்குகிற வியாபாரியிடம் ரேட் கேட்டிருந்தால் இரண்டரைக் கோடி என்றுகூட எழுதியிருக்கலாம்.

இது என் கற்பனை இல்லை. 1974-இல் உளவியலாளர்கள் அமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ஒரு சோதனை வரும். ஐநா சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்பதற்கு முன்னால் ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டார்கள். அது 10 அல்லது 65-இல் நிற்கும்படி ஏற்பாடு. 10 பார்த்தவர்களின் இடைநிலை விடை 25, 65 பார்த்தவர்களுடையது 45. சக்கரத்துக்கும் ஐநாவுக்கும் சம்பந்தமே இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் அது இழுத்தது.

அதெல்லாம் காலேஜ் பசங்க, நாம் தொழில்காரர்கள் என்று தோன்றலாம். 1981-இல் எட்வர்ட் ஜாய்ஸும் கேரி பிடிலும் தொழிலில் இருக்கிற ஆடிட்டர்களையே சோதித்தார்கள். பெரிய நிறுவனங்கள் ஆடிட் செய்யும் 1,000 கம்பெனிகளில் மேல்மட்ட நிர்வாக மோசடி எத்தனையில் இருக்கும் என்பது கேள்வி. ஒரு குழுவிடம் முதலில் "பத்துக்கு மேல் இருக்குமா?" என்றும், இன்னொரு குழுவிடம் "இருநூறுக்கு மேல் இருக்குமா?" என்றும் கேட்டுவிட்டு, பிறகு உங்கள் எண்ணைச் சொல்லுங்கள் என்றார்கள். முதல் குழுவின் சராசரி சுமார் 17. இரண்டாவது குழுவினுடையது 43. தொழில் அதே, கேள்வி அதே, முன்னால் காதில் விழுந்த எண் மட்டும் வேறு. நமக்கு முன்னால் வந்து விழுகிற எண் சக்கரம் சுற்றி வந்ததுகூட இல்லை. பேங்க் கடன் லிமிட் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டு வந்த எண்.

இதற்குச் செய்யக்கூடியது ரொம்பச் சின்ன விஷயம். மதிப்பீடு சம்பந்தப்பட்ட ஒவ்வொரு ஒர்க்கிங் பேப்பரிலும், நிர்வாகத்தின் எண்ணைத் திறப்பதற்கு முன் ஆடிட் டீம் தானாகப் போட்ட எண்ணையோ வரம்பையோ தேதி போட்டு எழுத ஒரு கட்டம். மதிப்பீடுகளுக்கான தர விதி எஸ்ஏ 540, ஆடிட்டர் தன் சொந்த மதிப்பீட்டைப் போடுவதை ஒரு வழியாக அனுமதிக்கிறது. ஆனால் எதை முதலில் பார்க்க வேண்டும் என்ற வரிசையை வற்புறுத்துவதில்லை. வரிசையில்தான் விஷயமே இருக்கிறது. எண்ணைப் பார்த்த பிறகு போடுகிற சொந்த மதிப்பீடு அந்த எண்ணின் தம்பிதான். எல்லா நேரத்திலும் இது முடியாது, லிஸ்ட்டை வாங்கித்தானே குடோனுக்கே போகிறோம் என்பீர்கள். உண்மைதான். அளவு மட்டும் இருக்கிற லிஸ்ட்டை முதலில் வாங்கலாம், ரேட்டும் மதிப்பும் பிறகு வரட்டும்.

அடுத்தது கொஞ்சம் கசப்பான இடம். சம்பளம் யார் தருகிறார்கள் என்பது.

2002-இல் மேக்ஸ் பேசர்மேன், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், டான் மூர் மூவரும் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சோதனை. அமெரிக்காவில் என்ரான் கம்பெனி கணக்கு மோசடியில் விழுந்து, அதன் ஆடிட்டர் ஆர்தர் ஆண்டர்சன் கலைந்துகொண்டிருந்த நேரம். ஒரு பெரிய நிறுவனத்தின் முழுநேர ஆடிட்டர்களிடம், இப்படியும் சொல்லலாம் அப்படியும் சொல்லலாம் என்கிற ஐந்து கணக்குப் பிரச்சினைகளைக் கொடுத்தார்கள். பாதிப் பேரிடம் "உங்களை நியமித்தது அந்தக் கம்பெனி" என்றும், மீதிப் பேரிடம் "நியமித்தது வெளியிலிருந்து வேறொருவர்" என்றும் சொன்னார்கள். கம்பெனி நியமித்ததாக நினைத்துக்கொண்டவர்கள், கணக்கு விதிப்படிதான் இருக்கிறது என்று சொல்லும் வாய்ப்பு சுமார் 30 சதவீதம் அதிகமாக இருந்தது. அது வெறும் பாவனை. ஃபீஸ் இல்லை, உறவு இல்லை, அடுத்த வருஷ நியமனம் போய்விடுமோ என்ற பயமும் இல்லை. 'நீ இந்தப் பக்கம்' என்று சொன்னதே போதுமானதாக இருந்தது. நிஜத்தில் மற்றதெல்லாம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கவுன்சிலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் ஒழுக்க விதித் தொகுப்பு சுயலாபம், நெருக்கம், மிரட்டல் என்று சுதந்திரத்துக்கு வரும் ஆபத்துகளைப் பட்டியலிடுகிறது. அவற்றுக்குத் தக்க பாதுகாப்பு இருக்கிறதா என்று எடைபோடும் வேலையை அந்த ஆடிட்டரிடமே கொடுக்கிறது. நெருக்கத்தால் பார்வை மங்கியவர், மங்கியிருக்கிறதா என்று அதே கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை, நம் நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். குஜராத்தில் தொழிற்சாலைகளின் மாசு அளவைச் சோதிக்கும் சுற்றுச்சூழல் ஆடிட்டர்களை முன்பு அந்தந்தத் தொழிற்சாலையே தேர்ந்தெடுத்து ஃபீஸ் கொடுத்துவந்தது. அறிக்கைகளைப் பார்த்தால் ரீடிங்குகள் அதிசயமாக அனுமதி வரம்புக்குச் சற்றுக் கீழே கூட்டமாக நிற்கும். பொருளாதார அறிஞர் எஸ்தர் டுஃப்லோவும் மற்ற ஆய்வாளர்களும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோடு சேர்ந்து இரண்டு வருஷம் ஒரு பரிசோதனை நடத்தினார்கள். ஒரு பகுதித் தொழிற்சாலைகளுக்கு ஆடிட்டரைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள், ஃபீஸ் ஒரு பொது நிதியிலிருந்து நிலையான தொகையாக வந்தது, சில ரீடிங்குகளை இன்னொருவர் போய் மறுபடி எடுத்துப் பார்த்தார். 2013-இல் முடிவு வெளிவந்தது. வரம்பை மீறிய அளவை மீறவில்லை என்று பொய்யாக எழுதும் வாய்ப்பு 80 சதவீதம் குறைந்துபோயிருந்தது. அதோடு தொழிற்சாலைகளும் மாசைக் குறைத்தன. பழைய முறையிலும் புதிய முறையிலும் வேலை செய்தது அதே மாதிரி ஆடிட்டர்கள்தான். யாருக்கும் நேர்மை வகுப்பு எடுக்கவில்லை.

சுற்றுச்சூழல் ஆடிட் வேறு, நிதி ஆடிட் வேறு என்பது எனக்கும் தெரியும். ரீடிங் எடுக்கக் கம்பெனியைப் பற்றிப் பழைய அறிவு வேண்டாம், நமக்கு வேண்டும். குலுக்கல் வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அரசு கம்பெனிகளுக்கு 139(5)-இன் கீழ் ஆடிட்டரை நியமிப்பது சிஏஜி (இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) தானே? நாமும் விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கிறோம், பேனலில் பெயர் வந்தால் சந்தோஷப்படுகிறோம். பொதுப் பணம் இருக்கிற இடத்துக்கு அந்த முறை பொருந்துமென்றால், பொதுமக்கள் பங்கு வைத்திருக்கிற இடத்துக்கு ஏன் பொருந்தாது? சட்டத்தை மாற்றும் அதிகாரம் கழகத்துக்கு இல்லை என்பதும் தெரியும். பரிந்துரைக்கும் செல்வாக்கு இருக்கிறது. வருமான வரித் தாக்கலுக்கு நாள் நீட்டிக்கச் சொல்லி எழுதும் வேகத்தில் பாதி இதற்குப் போதும்.

இப்போது நம் ஆபீஸ்களுக்குள் நடப்பது. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது.

ஒரு ஆர்ட்டிகிள் பெண், ஒரு சப்ளையரின் பில்களில் வரிசை எண் இடைவெளியே இல்லாமல் வருவதைக் கவனிக்கிறாள். இவர்களுக்கு மட்டும்தான் அவன் பில் போடுகிறானா என்ற நியாயமான சந்தேகம். இரண்டு நாள் செலவழித்து, ஜிஎஸ்டி விவரங்களைப் பார்த்து, ஈ-வே பில் கேட்டு, கிளையண்டின் அக்கவுண்டன்ட்டைக் கொஞ்சம் கடுப்பேற்றி, கடைசியில் எல்லாம் சரி என்று தெரிகிறது. அந்தச் சப்ளையர் உண்மையிலேயே இவர்களுக்கு மட்டும் ஜாப் ஒர்க் செய்கிற சின்ன யூனிட். ஆபீஸில் என்ன சொல்வோம்? "ரெண்டு நாள் வேஸ்ட்." அடுத்த முறை அவள் இடைவெளி இல்லாத பில் எண்ணைப் பார்த்தால் டிக் அடித்துவிட்டுப் போவாள்.

ஜோசஃப் பிரேசலும் உடன் ஆய்வாளர்களும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. ஒரே அளவு பொருத்தமான சந்தேகத்தோடு, ஒரே மாதிரி கூடுதல் நேரம் செலவழித்து விசாரித்த இரண்டு பேரில், தவறைக் கண்டுபிடித்தவருக்கு மேலதிகாரிகள் நல்ல மதிப்பெண் போட்டார்கள். விசாரித்து ஒன்றும் இல்லை என்று கண்டவருக்குக் குறைத்தார்கள். இரண்டு பேரும் செய்த வேலை ஒன்றுதான், முடிவு மட்டும்தான் வேறு. பெரும்பாலான கணக்குகளில் மோசடி இல்லை என்பதால், பெரும்பாலான சந்தேகங்கள் ஒன்றுமில்லை என்றுதான் முடியும். அப்படியானால் நம் ஆபீஸ்கள் சந்தேகப்படுகிறவரைத் தொடர்ந்து தண்டிக்கின்றன என்றுதான் அர்த்தம். சந்தேகக் கண்ணோடு பார் என்று தர விதி எஸ்ஏ 200 சொல்கிறது, அப்ரைசல் வேறொன்றைச் சொல்கிறது. பிள்ளைகள் எதைக் கேட்பார்கள்? 2023 ஜூலையிலிருந்து ஆர்ட்டிகிள்ஷிப்பை மூன்று வருஷத்திலிருந்து இரண்டாகக் குறைத்துவிட்டீர்கள். கற்றுக்கொள்ளக் கிடைக்கிற நேரமே குறைவு, அதிலும் முதலில் கற்றுக்கொள்வது இதுவாக இருக்கிறது.

பியர் ரிவ்யூவில் ஒரே ஒரு கேள்வி சேர்த்தால் இது மாறத் தொடங்கும்: இந்த ஃபைலில் தொடர்ந்து விசாரித்து ஒன்றுமில்லை என்று முடிந்த சந்தேகங்கள் எவை, காட்டுங்கள். ஒன்றுகூட இல்லாத ஃபைல் சுத்தமான ஃபைல் அல்ல, யாரும் தேடாத ஃபைல் என்று ரிவ்யூவர் எழுத வேண்டும். சந்தேகத்தைத் தேடி அலைந்த மணி நேரத்துக்குத் தனி ஹெட் இருந்தால், அதை வேஸ்ட் என்று சொல்ல பார்ட்னருக்கு வாய் வராது.

இதே கோளாறு ஒழுங்குக் குழுவுக்கும் உண்டு, மன்னிக்கவும். கம்பெனி கவிழ்ந்த பிறகு ஃபைலைத் திறக்கிறவர்களுக்கு எச்சரிக்கைகள் எல்லாம் பளிச்சென்று தெரியும். நடந்து முடிந்ததைத் தெரிந்துகொண்ட மனசு, 'இது முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டுமே' என்று நினைப்பதை பாரூக் ஃபிஷாஃப் 1975-லேயே சோதனையில் காட்டிவிட்டார். விளைவு இரண்டு. நியாயமாக முடிவெடுத்த ஆடிட்டர் சிலர் அநியாயமாக மாட்டுகிறார்கள். அதைப் பார்த்த மற்றவர்கள் யோசிப்பதை விட்டுவிட்டு ஃபைலைத் தடிமனாக்குகிறார்கள், செக்லிஸ்ட் மேல் செக்லிஸ்ட். சில வழக்குகளிலாவது, கம்பெனிக்குப் பிறகு என்ன ஆனது என்று தெரியாத ஒருவரிடம், கையெழுத்துப் போட்ட தேதி வரைக்கும் உள்ள ஃபைலை மட்டும் கொடுத்து, பெயர்களை மறைத்து, கருத்துக் கேளுங்கள். பெரிய வழக்குகளில் பெயரை மறைத்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள்தான். சின்ன வழக்குகளில் முடியும். நம்மில் பெரும்பாலானவர்கள் மாட்டுவது சின்ன வழக்குகளில்தானே. பெரிய கம்பெனிகளின் ஆடிட்டர்களை விசாரிக்கும் தேசிய நிதி அறிக்கை ஆணையத்திடமும் இதைச் சொல்லிப் பார்க்கலாம், இரண்டு அமைப்புக்கும் இடையே வேறு பேச்சுவார்த்தை நடக்கிற ஒரு நல்ல நாளில்.

செப்டம்பரைப் பற்றி நீளமாக எழுதவில்லை. டாக்ஸ் ஆடிட் 30-ஆம் தேதி, ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கும் அதே கெடு, போர்ட்டல் தன் பங்குக்குத் தொங்கும். இரவு பதினொரு மணிக்குக் கையெழுத்துக்கு வருகிற பேலன்ஸ் ஷீட்டை யாரும் எதிர்க்கேள்வியோடு படிப்பதில்லை. ஒவ்வொரு கையெழுத்துக்கும் தனி எண் தரும் யூடின் கொண்டுவந்து போலிக் கையெழுத்தைப் பிடிக்க வழி செய்தீர்கள், வரவேற்கிறோம். அசல் கையெழுத்து எந்த நிலைமையில் போடப்பட்டது என்பதை யூடின் சொல்லாது.

சர்வதேச ஆடிட் தர விதி 220-இன் திருத்தப்பட்ட வடிவம், 2022 டிசம்பரிலிருந்து, இந்த மனச்சாய்வுகளைப் பெயர் சொல்லியே பட்டியலிடுகிறது. முதலில் கேட்ட எண்ணில் நங்கூரமிடுவது, நம் கருத்துக்கு ஒத்துவரும் ஆதாரத்தை மட்டும் தேடுவது, சாஃப்ட்வேர் சொன்னால் சரி என்று இருப்பது, கூட்டத்தோடு தலையாட்டுவது. நம் பாட வாரியமும் இதை ஒரு அத்தியாயமாகச் சேர்க்கும், பரீட்சையில் நான்கு மார்க் கேள்வி வரும், பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதுவார்கள் என்பதுதான் என் பயம். இந்தச் சாய்வுகளின் பெயர் தெரிந்தவர்களும் அவை அடுத்தவருக்குத்தான் இருக்கும் என்று நினைக்கிறார்கள். அதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஆகவே அத்தியாயத்துக்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். நுங்கம்பாக்கத்தில் தென்னிந்திய மண்டலக் கவுன்சில் நடத்தும் அடுத்த சிபிஇ (தொடர்கல்வி) கூட்டத்தில், வாசலில் கொடுக்கிற தாளை இரண்டு விதமாக அச்சடியுங்கள். பாதித் தாளில் ஜாய்ஸ், பிடில் கேட்ட பத்து, மீதியில் இருநூறு. டீ இடைவேளைக்குள் கூட்டிச் சராசரி போட்டு, இரண்டு எண்ணையும் திரையில் காட்டுங்கள். அதே தாளை டெல்லியில் கவுன்சில் கூட்டத்திலும் சுற்றுக்கு விடலாம். வந்த எண்களைக் கழக இதழில் வெளியிட்டால், நான் மேலே கேட்ட கட்டத்தையும் பியர் ரிவ்யூ கேள்வியையும் பற்றிப் பேச எனக்கும் இன்னும் பலருக்கும் விருப்பம் இருக்கிறது. எங்கள் ஊருக்கு வருவதானால் செப்டம்பர் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து ஒரு உறுப்பினர்